வெண்ணெயும் முகமூடியும்: 'வி ஃபார் வெண்டெட்டா' திரைப்பட விமர்சனம்

முன்பின் தெரியாத ஓர் இடத்தில் அடைபட்டிருக்கும் ஒரு பெண், தன் முன்னால் வைக்கப்பட்ட தட்டிலிருந்து ஒரு ரொட்டித் துண்டை எடுத்துக் கடிக்கிறாள். நடுவில் வட்டமாகக் குழித்து, அந்தக் குழியில் முட்டையை உடைத்து ஊற்றி வாட்டி எடுத்த ரொட்டி அது. வாயில் வைத்ததும் அவள் முகம் மாறிவிடுகிறது. இது நிஜமான வெண்ணெய் அல்லவா, சின்னப் பெண்ணாக இருந்த காலத்துக்குப் பிறகு இதைத் தொட்டதே இல்லையே, எங்கே கிடைத்தது என்று கேட்கிறாள். ஆட்சித் தலைவருக்காகப் போய்க்கொண்டிருந்த அரசாங்க ரயிலிலிருந்து எடுத்தது என்று பதில் சொல்கிறான் முகமூடி அணிந்த மனிதன். அந்த ஒரு வாய் வெண்ணெயில் ஒரு கொடுங்கோன்மையின் முழு இலக்கணமும் வெளிப்பட்டுவிடுகிறது. நாட்டில் வெண்ணெய் இல்லாமல் போகவில்லை. யாருக்கு உண்டு, யாருக்குக் கிடையாது என்று மேலே இருக்கும் ஒருவர் முடிவு செய்துவிட்டார், அவ்வளவுதான்.

'வி ஃபார் வெண்டெட்டா' படத்தை முதல் முறை பார்த்தபோது எனக்கு இந்தக் காட்சி நினைவில் நிற்கவில்லை. கட்டடங்கள் வெடித்துச் சிதறியதும், கத்திகள் சுழன்றதும், கடைசியில் பெருங்கூட்டம் முகமூடியோடு திரண்டு வந்ததும்தான் மனத்தில் தங்கின. நான்கைந்து முறை பார்த்த பிறகு இப்போது எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. வெண்ணெய், கழிவறைக் காகிதம், ஒற்றை ரோஜா, சிறுமியின் மூக்குக் கண்ணாடி என்று சிறிய பொருள்களை நம்பும் இடங்களில் இந்தப் படம் மிக உயரத்தில் நிற்கிறது. வெடிமருந்தையும் வாள்வீச்சையும் நம்பும் இடங்களில் நன்றாக எடுக்கப்பட்ட வழக்கமான படமாகிவிடுகிறது. இரண்டுமே இதற்குள் இருப்பதால், பார்த்தே ஆக வேண்டிய படம் என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. குறையே இல்லாத படம் என்று மட்டும் சொல்ல மாட்டேன். கதையின் முக்கியமான திருப்பங்களைத் தொடாமல் இந்தப் படத்தைப் பற்றி நேர்மையாகப் பேச முடியாது என்பதால், இதுவரை பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து மேற்கொண்டு படிப்பது நல்லது.

கதை எதிர்கால பிரிட்டனில் நடக்கிறது. நோய், போர், கலவரம் என்று நாடு நடுங்கிக்கொண்டிருந்த நேரத்தில், ஒழுங்கையும் பாதுகாப்பையும் தருவதாகச் சொல்லி நார்ஸ்ஃபயர் என்ற கட்சி ஆட்சிக்கு வந்திருக்கிறது. ஆடம் சட்லர் அதன் தலைவர். வந்தேறிகள், இஸ்லாமியர்கள், தன்பாலின ஈர்ப்பினர், மாற்றுக் கருத்துள்ளோர் என்று ஒவ்வொரு பிரிவினராகக் காணாமல் போகிறார்கள். இரவு ஊரடங்கு அமலில் இருக்கிறது. ஃபிங்கர்மென் எனப்படும் இரகசியப் போலீசார் தெருவில் தனியே வரும் பெண்ணை என்ன வேண்டுமானாலும் செய்யலாம். தொலைக்காட்சி என்ன சொல்கிறதோ அதுவே செய்தி. ஊரடங்கு நேரத்தில் வெளியே வந்து அப்படி மாட்டிக்கொண்ட ஈவி என்ற தொலைக்காட்சி நிலைய ஊழியரை, 'வி' என்று தன்னை அழைத்துக்கொள்ளும் முகமூடி மனிதன் காப்பாற்றுகிறான். அதே நள்ளிரவில், நவம்பர் 5 பிறக்கும் வேளையில், லண்டனின் பழைய குற்றவியல் நீதிமன்றமான ஓல்டு பெய்லியை இசையோடு தகர்த்துக் காட்டுகிறான். இன்னும் ஓராண்டில் நாடாளுமன்றத்தின் முன்னால் வந்து தன்னோடு நில்லுங்கள் என்று மக்களுக்கு அழைப்பும் விடுக்கிறான். அந்த ஓராண்டுதான் படம்.

இந்தக் கதை வெள்ளித்திரைக்காகப் பிறந்தது அன்று. ஆலன் மூர் எழுதி டேவிட் லாயிட் வரைந்த படக்கதையாக, 1982இல் 'வாரியர்' என்ற பிரிட்டிஷ் இதழில் தொடராகத் தொடங்கியது. அந்த இதழ் நின்றுபோனதால் பாதியில் அறுபட்ட தொடர், 1980களின் இறுதியில் அமெரிக்காவின் டிசி நிறுவனம் வழியே நிறைவு பெற்றது. மார்கரெட் தாட்சரின் ஆட்சிக்காலத்தில், நாடு எங்கே போய் முடியுமோ என்ற கவலையில் எழுதப்பட்ட அந்தப் படைப்பில், பாசிசத்துக்கு எதிர்ப்பக்கம் நிற்பது ஜனநாயகம் அன்று, அரசே வேண்டாம் என்னும் அராஜகவாதம். திரைக்கதையை எழுதிய, 'மேட்ரிக்ஸ்' படங்களின் இயக்குநர்களான வச்சோவ்ஸ்கிகள் அந்தக் கூர்மையை மழுக்கிவிட்டார்கள். படத்தில் வரும் வி அரசே கூடாது என்று பெரும்பாலும் வாதிடுவதில்லை. கெட்ட அரசை அகற்ற வேண்டும் என்கிறான். மூர் தன் பெயரைப் படத்திலிருந்து நீக்கச் சொல்லிவிட்டார். அதனால் எழுத்துத் திரையில் ஓவியர் லாயிடின் பெயர் மட்டுமே வருகிறது. மூரின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் படத்தைப் படமாகப் பார்க்கும்போது, அதற்கென்று தனியாக ஒரு மூச்சு இருப்பதை மறுக்க முடியவில்லை. படக்கதையின் அரசியல் வாதத்தில் குறைந்ததை, அச்சம் என்ற ஒன்றைப் பற்றிய கவனத்தில் படம் ஓரளவு ஈடு செய்துவிடுகிறது.

'மேட்ரிக்ஸ்' படங்களில் உதவி இயக்குநராக இருந்த ஜேம்ஸ் மெக்டீகுக்கு இயக்குநராக இது முதல் படம். முதல் படத்திலேயே, முகமே தெரியாத ஒருவனைக் கதாநாயகனாக வைத்து இரண்டு மணி நேரத்துக்கும் மேல் கதை சொல்ல வேண்டிய சிக்கல் அவருக்கு. வெண்மையான முகம், உயர்ந்த புருவம், மெல்லிய மீசை, ஒருபோதும் அழியாத சிரிப்பு என்று அந்த முகமூடி அசையாமல் இருக்கிறது. அசையாத அதை நடிக்க வைத்திருக்கிறார்கள் என்பதுதான் வியப்பு. தலையைச் சற்றே சாய்த்தால் அதில் கேள்வி தெரிகிறது; தாழ்த்தினால் துயரம் தெரிகிறது; ஒளி மேலிருந்து விழும்போது அதே சிரிப்பு கொடூரமாகவும், பக்கவாட்டில் விழும்போது இரங்கலாகவும் மாறுகிறது. ஒளிப்பதிவாளர் ஏட்ரியன் பிடிலின் கைவண்ணம் இது. 2005 டிசம்பரில், படம் திரையரங்குகளுக்கு வருவதற்கு முன்பே அவர் காலமானார். படம் அவருக்குக் காணிக்கையாக்கப்பட்டிருக்கிறது.

முகமூடிக்குள் இருப்பவர் ஹ்யூகோ வீவிங். படப்பிடிப்பு தொடங்கிச் சில வாரங்கள் ஆன பிறகு, முதலில் அந்த வேடத்தை ஏற்றிருந்த நடிகர் விலகியதால் உள்ளே வந்தவர் இவர். முகம் இல்லை, கண் இல்லை, உதட்டசைவு இல்லை. மிஞ்சுவது குரல் ஒன்றுதான். அந்தக் குரல் செய்யும் வேலை கொஞ்ச நஞ்சமன்று. ஈவியைச் சந்திக்கும் முதல் காட்சியில், 'வி' என்ற எழுத்தில் தொடங்கும் சொற்களையே கோத்து மூச்சுவிடாமல் ஒரு நீண்ட அறிமுகம் செய்துகொள்கிறான். மோனைத் தொடையில் ஊறிய நமக்கு அந்த விளையாட்டின் சுவை உடனே பிடிபட்டுவிடும்; துணையுரையில் அது முற்றிலும் கரைந்துபோகும் என்பதால், அந்த ஒரு நிமிடமாவது எழுத்தைப் படிக்காமல் ஒலியைக் கேளுங்கள் என்று சொல்வேன். அந்தப் பேச்சில் ஓர் அரங்க நடிகனின் அகங்காரமும், நெடுநாள் பேச ஆளில்லாமல் கிடந்தவனின் ஏக்கமும் சேர்ந்தே ஒலிக்கின்றன.

ஈவியாக வரும் நடாலி போர்ட்மனின் ஆங்கில உச்சரிப்பில் பிரிட்டிஷ் வாடை சில இடங்களில் நழுவுகிறது என்ற குறையைப் பலர் சொல்லியிருக்கிறார்கள். எனக்கும் அது காதில் விழுகிறது. ஆனால் நடிப்பைப் பற்றிய என் மதிப்பீட்டை அது அசைக்கவில்லை. தொடக்கத்தில் ஈவி வீராங்கனை அல்லள். பெற்றோரை அரசு கொண்டுபோனதைச் சிறுவயதில் பார்த்தவள். அதனால் வாய் திறக்காமல், தலை நிமிராமல் வாழப் பழகியவள். முதல் முக்கால் மணி நேரத்தில் தோள்களைக் குறுக்கிக்கொண்டே நடக்கும் போர்ட்மன், பின்பாதியில் முதுகை நிமிர்த்தி நடப்பதைக் கவனித்தால், அந்தப் பெண்ணின் மாற்றம் வசனம் இல்லாமலேயே விளங்கும். தலைமுடியை மழிக்கும் காட்சியில் மழிக்கப்பட்டது அவருடைய சொந்த முடி. இரண்டாம் முறை எடுக்க வாய்ப்பே இல்லை என்பதால் ஒரே தடவையில் படமாக்கினார்கள். மயிர்க்கற்றை விழ விழ அவர் முகத்தில் ஓடுவதை நடிப்பு என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முட்டை ரொட்டி படத்தில் இன்னொரு முறையும் வருகிறது. வியிடமிருந்து தப்பிய ஈவி, தொலைக்காட்சி நிலையத்தில் தனக்கு மேலதிகாரியாக இருந்த கார்டன் டீட்ரிக்கின் வீட்டில் அடைக்கலம் புகுகிறாள். காலையில் எழுந்து வந்தால், அடுப்படியில் அவரும் அதே ரொட்டியைச் செய்துகொண்டிருக்கிறார். ஸ்டீபன் ஃபிரை அந்தக் காட்சியை ஒரு நண்பனின் இயல்பான கனிவோடு நடித்திருக்கிறார். கார்டன் தன்பாலின ஈர்ப்பாளர் என்பதும், தடை செய்யப்பட்ட கலைப்பொருள்களை நிலவறையில் மறைத்து வைத்திருப்பதும் பிறகு தெரிய வருகின்றன. அவற்றுள் பழைய குர்ஆன் பிரதி ஒன்றும் உண்டு. அவர் இஸ்லாமியர் அல்லர்; அதன் எழுத்தும் ஓவியமும் கவிதையும் அழகாக இருக்கின்றன என்பதற்காக வைத்திருக்கிறார். ஆட்சித் தலைவரை நையாண்டி செய்து ஒரு நிகழ்ச்சி நடத்துகிறார்; அன்றிரவே கதவு உடைக்கப்படுகிறது. கேலி செய்ததற்குக் கிடைப்பது மன்னிப்போ தண்டமோ என்று அவர் எண்ணியிருந்தார். வீட்டில் கண்டெடுத்த அந்தப் புத்தகம் அவர் உயிரையே பறித்துவிடுகிறது. ஒளிந்து வாழும் மனிதனும் முகமூடி அணிந்துதான் வாழ்கிறான் என்பதை, ஒரே சமையலை இரண்டு ஆண்களின் கையில் கொடுத்து இயக்குநர் சொல்லிவிடுகிறார். விளக்கம் ஏதும் தராமல் அதை அப்படியே விட்டுவிட்ட துணிவை நான் மெச்சுகிறேன்.

அதன் பிறகு வரும் சிறைப்பகுதிதான் படத்தின் இதயம். பிடிபட்ட ஈவியின் தலையை மழித்து, சாக்கு போன்ற ஓர் உடையைக் கொடுத்து, கல்லறை போன்ற ஓர் அறையில் அடைக்கிறார்கள். முகம் தெரியாத ஒருவன் இருட்டில் அமர்ந்து, வி எங்கே இருக்கிறான் என்று ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறான். ஒருநாள், சுவரின் அடியில் இருந்த எலிப்பொந்திலிருந்து சுருட்டி வைத்த ஒரு காகிதம் அவள் கைக்கு வருகிறது. கழிவறைக் காகிதத்தில், துக்கடாப் பென்சிலால் நுணுக்கி எழுதப்பட்ட கடிதம் அது; எழுதியவள் பெயர் வலேரி.

வலேரியின் கதை சில நிமிடங்களே வருகிறது. பள்ளியில் இன்னொரு பெண்ணை நேசித்தது, அதைப் பெற்றோரிடம் சொன்ன நாளில் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டது, நடிகையானது, படப்பிடிப்பில் ரூத் என்பவளைச் சந்தித்தது, இருவரும் சேர்ந்து வாழ்ந்த மூன்றாண்டுகள், சன்னலோரத்தில் வளர்த்த ரோஜா, பிறகு ரூத் உணவு வாங்கப் போன இடத்தில் கொண்டுபோகப்பட்டது, பிறகு இவளும். இந்த விவரங்கள் ஒவ்வொன்றும் சாதாரணமானவை. யார் வாழ்க்கையிலும் இருக்கக்கூடியவை. எல்லாம் பறிக்கப்பட்ட பிறகும் ஒருவரிடம் கடைசியாக ஓர் அங்குலம் மிஞ்சும், அதை மட்டும் எவரும் எடுத்துக்கொள்ள விடக்கூடாது என்று எழுதுகிறாள். இதை யார் படிப்பார்கள் என்றுகூடத் தெரியாத நிலையில், படிக்கப்போகும் அந்த முகம் தெரியாதவருக்குத் தன் அன்பைச் சொல்லி முடிக்கிறாள். வலேரியாக வரும் நடாஷா வைட்மனின் குரல் எங்கும் உயரவில்லை. அழுகையை வரவழைக்க முயலவும் இல்லை. நான் ஒவ்வொரு முறையும் அந்தக் கடிதத்தின் முன்னால் நொறுங்கிப்போகிறேன். கதையில் வி தான் கொல்லும் ஒவ்வொருவரின் அருகிலும் விட்டுச்செல்லும் சிவப்பு ரோஜா எங்கிருந்து வந்தது என்பதும் அப்போதுதான் விளங்குகிறது.

உயிர் வேண்டுமா, துப்புக் கொடுக்கிறாயா என்ற கடைசிக் கேள்விக்கு, சாகத் தயார் என்று ஈவி பதில் சொன்னதும் சிறைக்கதவு திறந்துகொள்கிறது. காவலர்கள் வெறும் பொம்மைகள். சிறை என்பது வியின் வீட்டின் இன்னொரு பகுதி. தலையை மழித்தவனும், கேள்வி கேட்டவனும், பட்டினி போட்டவனும் அவனே. கடிதம் மட்டும் நிஜம்; வி முன்பு அடைபட்டிருந்த லார்க்ஹில் தடுப்பு முகாமில், பக்கத்து அறையில் இருந்த வலேரி எழுதி, பல ஆண்டுகளுக்கு முன் அவன் கைக்கு வந்தது.

இந்த இடத்தில் படத்தோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. ஒரு பெண்ணின் அச்சத்தைப் போக்குவதற்காக அவளை வதைப்பது விடுதலை ஆகுமா? அரசு செய்யும் அதே காரியத்தை, அதே கருவிகளால், நல்ல நோக்கம் என்று சொல்லி ஒருவன் செய்யும்போது அவனுக்கும் அந்த அரசுக்கும் உள்ள வேறுபாடு எங்கே தொடங்குகிறது? படம் இந்தக் கேள்வியை எழுப்புகிறது. ஈவி அவனை வெறுத்துக் கத்துகிறாள், மூச்சுத் திணறுகிறாள். ஆனால் அடுத்த சில நிமிடங்களில் மொட்டை மாடியில் மழை பெய்கிறது. அவள் கைகளை விரித்து நிற்கிறாள். எரியும் முகாமிலிருந்து நெருப்பினூடே கைகளை விரித்து வெளியே வந்த வியின் உருவம் அவள் உருவத்தோடு இணைத்துக் காட்டப்படுகிறது. நெருப்பில் பிறந்தவன் அவன், நீரில் பிறந்தவள் இவள் என்ற அந்த இணைப்பு கண்ணுக்கு அழகுதான். அழகு கேள்வியை விழுங்கிவிட்டது என்பதே என் வருத்தம். வேதனையைக் கடந்த ஒருவர், அந்த வேதனையைத் தந்தவருக்கு நன்றி சொல்ல வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை. அவள் அவனை விட்டுப் பிரிந்து செல்கிறாள் என்ற வரையில் படம் நேர்மையாக இருக்கிறது. திரும்பி வந்து அவனோடு ஆடும்போது அந்த நேர்மை தளர்ந்துவிடுகிறது.

சித்திரவதை என்பது இந்தக் கதையின் வேரிலேயே இருக்கிறது. வி அணிந்திருப்பது கை ஃபாக்ஸின் முகம். 1605 நவம்பர் 4 நள்ளிரவையொட்டி, லண்டனில் நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் அவைக்குக் கீழே இருந்த நிலவறையில், மன்னரோடு அந்த அவையைத் தகர்க்க வைத்திருந்த 36 பீப்பாய் வெடிமருந்துக்குக் காவலாக நின்றபோது பிடிபட்டவர் அவர். லண்டன் கோபுரத்தில் வதைக்கப்பட்ட பிறகே வாக்குமூலம் கொடுத்தார். அவருடைய கையெழுத்துகள் இன்றும் ஆவணமாகப் பாதுகாக்கப்படுகின்றன. வதைக்குப் பின் உடனே இட்ட கையெழுத்தில் பெயர் பெயராகவே இல்லை. நடுங்கும் கை தாளின் மேல் இழுத்துவிட்ட சில கோடுகள் மட்டுமே. எட்டு நாளுக்குப் பிறகு இட்டதில் எழுத்துகள் மறுபடியும் உருப்பெற்றிருக்கின்றன. வலேரியின் நுணுக்கமான பென்சில் எழுத்தைத் திரையில் பார்க்கும்போது எனக்கு அந்தக் கோடுகள் நினைவுக்கு வருகின்றன. ஒன்று, வலிக்குப் பணிந்த கை. மற்றொன்று, வலிக்குப் பணியாத கை.

படம் ஃபாக்ஸைச் சுதந்திரப் போராளி போலத் தொடக்கத்திலேயே நிறுத்திவிடுவதால், இதையும் சொல்லியாக வேண்டும். ராபர்ட் கேட்ஸ்பி தலைமையில் ஃபாக்ஸும் கூட்டாளிகளும் கேட்டது மக்களாட்சி அன்று. புராட்டஸ்டண்டு மன்னரை அகற்றிவிட்டுக் கத்தோலிக்கர் ஒருவரை அரியணையில் அமர்த்துவதே அவர்கள் திட்டம். பல நூற்றாண்டுகளாக பிரிட்டிஷ் மக்கள் நவம்பர் 5 இரவில் தீ மூட்டி, அவருடைய உருவப் பொம்மையை எரித்து, மன்னர் பிழைத்ததைக் கொண்டாடி வந்திருக்கிறார்கள். எரிக்கப்பட்ட அந்த முகத்தை எடுத்துப் போராளிக்கு அணிவிப்பது என்ற எண்ணம் ஓவியர் லாயிடுடையது. அது எவ்வளவு பெரிய எண்ணம் என்பதைப் படம் வந்த பிறகான உலகமே காட்டியது. 2008 முதல் பெயர் மறைத்து இயங்கும் இணையப் போராளிகளான 'அனானிமஸ்' குழுவினரும், 2011இல் பொருளாதார ஏற்றத்தாழ்வை எதிர்த்த 'ஆக்கிரமிப்பு' (ஆக்குபை) இயக்கத்தினரும் அதை அணிந்து தெருவுக்கு வந்தார்கள். 2012 ஜனவரியில் போலந்து நாடாளுமன்றத்திலேயே சில உறுப்பினர்கள், இணையத்தைக் கட்டுப்படுத்தும் என்று அஞ்சப்பட்ட ஓர் ஒப்பந்தத்தை எதிர்த்து அந்த முகத்தைத் தூக்கிப் பிடித்தார்கள்.

துணை வேடங்களில் ஸ்டீபன் ரியா நடித்த துப்பறியும் அதிகாரி ஃபின்ச் என்னை மிகவும் கவர்ந்தார். நெடுங்காலமாகக் கட்சியில் இருப்பவர், கடமை தவறாதவர். வியைத் தேடிப் போகும் அவர், லார்க்ஹில் என்ற தடுப்பு முகாமைக் கண்டடைகிறார். அங்கே மனிதர்கள் மேல் நடந்த சோதனைகளிலிருந்து பிறந்த கிருமியே நாட்டை உலுக்கிய கொள்ளைநோய் என்றும், அதைப் பரப்பியவர்களே பிறகு மருந்தோடு வந்து ஆட்சியைப் பிடித்தார்கள் என்றும் அறிகிறார். தன் சோறு எந்த உலையில் வெந்தது என்று தெரிந்துகொண்ட மனிதனின் அசதி, ரியாவின் கண்ணிமைகளில் தொங்குகிறது. இரகசியப் போலீஸ் தலைவன் கிரீடி, ஃபின்ச்சின் தாய் ஐரிஷ்காரர் என்பதைப் பேச்சுவாக்கில் நினைவூட்டும் ஒரு கணம் வருகிறது. மிரட்டல் என்று ஒரு சொல்கூட இல்லை. இருந்தும் அறை குளிர்ந்துவிடுகிறது. சட்லராக வரும் ஜான் ஹர்ட், படத்தின் பெரும்பகுதியில் மாபெரும் திரையில் கத்தும் ஒரு முகமாகவே இருக்கிறார். 1984இல் வெளிவந்த 'நைன்டீன் எயிட்டி ஃபோர்' என்ற இன்னொரு சர்வாதிகாரக் கதையில் அப்படிப்பட்ட திரையின் கீழே நசுங்கிய எளிய மனிதராக நடித்தவர் இவர்தான் என்பதை அறிந்தவர்களுக்கு, அந்த முகம் இப்போது திரைக்குள் இருப்பது தனியாக ஒரு நடுக்கத்தைத் தரும்.

வெடிப்புக் காட்சிகளில் சாய்க்கோவ்ஸ்கியின் '1812' இசைக்கோவை ஒலிக்கிறது. நெப்போலியன் படையை ரஷ்யப் பேரரசு விரட்டியதைக் கொண்டாட எழுதப்பட்ட, பீரங்கி முழக்கத்தையே இசையின் பகுதியாகக் கொண்ட படைப்பு அது. தெருவில் அறிவிப்புக்காகக் கட்டி வைத்த அரசாங்க ஒலிபெருக்கிகளிலிருந்தே அது கிளம்புவதும், வீட்டுக்குள் இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சன்னலைத் திறப்பதும் நல்ல கற்பனை. கறுப்பும் சிவப்புமான டாமினோ கட்டைகளை வி அடுக்கிச் சாய்க்கும் காட்சிக்கு 22,000 கட்டைகள் தேவைப்பட்டன. அவற்றை அடுக்க நான்கு வல்லுநர்களுக்கு 200 மணி நேரம் பிடித்தது. ஒரு சிறுமியின் கொலையிலிருந்து கலகம் பரவுவதை அந்தக் கட்டைகளோடு பின்னிய படத்தொகுப்பு, உழைப்புக்குத் தக்க பலனைத் தருகிறது. படத்தின் பெரும்பகுதி ஜெர்மனியின் பாபெல்ஸ்பெர்க் அரங்குகளில் எடுக்கப்பட்டதாலோ என்னவோ, தெருக்களில் ஆள்நடமாட்டம் குறைவாகவும் சுவர்கள் புதிதாகவும் தெரிகின்றன. ஒடுக்கப்பட்ட ஒரு நகரத்தின் அழுக்கும் நெரிசலும் எனக்குப் போதவில்லை.

குறைகளில் இன்னும் இரண்டைச் சொல்லிவிடுகிறேன். கொள்ளைநோய்ச் சதி முழுவதும் ஒரே பாத்திரத்தின் வாயால் நீண்ட உரையாகக் கொட்டப்படுகிறது. அதுவரை ஃபின்ச்சோடு சேர்ந்து நூல் பிடித்து வந்த நமக்கு, விடைத்தாளைக் கையில் திணித்தது போலிருக்கிறது. கிரீடியின் ஆட்களோடு நடக்கும் இறுதிச் சண்டையில் கத்திகள் காற்றில் கோடு கிழிப்பதும் இரத்தம் தெறிப்பதும், அதுவரை குரலாலும் காகிதத்தாலும் பேசிய படத்துக்கு அந்நியமாக ஒட்டி நிற்கின்றன. ரசிக்கிறவர்கள் இருக்கிறார்கள், நான் அவர்களில் ஒருவன் அல்லன்.

படம் ஏறத்தாழ 132 நிமிடம் ஓடுகிறது. நவம்பர் 5 சதியின் 400ஆம் ஆண்டையொட்டி 2005இல் வெளியிடத் திட்டமிட்டு, 2006 மார்ச்சில் திரைக்கு வந்தது. சிறைப்பகுதியும் லார்க்ஹில் முகாமின் பிணக்குழிகளும் கடுமையானவை. சிறுவர்களோடு சேர்ந்து பார்க்கும் படம் இல்லை. பெரிய திரை வாய்க்காவிட்டாலும் குறையில்லை. நல்ல ஒலி அவசியம், ஏனென்றால் இந்தப் படத்தின் கதாநாயகன் குரலில்தான் வாழ்கிறான்.

முடிவைப் பற்றி நெடுநாளாக எனக்கொரு மனத்தாங்கல் இருந்தது. ஆயிரக்கணக்கானோர் ஒரே முகமூடியில் நாடாளுமன்றத்தை நோக்கி நடந்து வருகிறார்கள். உத்தரவு கிடைக்காத படையினர் துப்பாக்கியைத் தாழ்த்துகிறார்கள். கூட்டம் அவர்களைக் கடந்து போய்விடுகிறது. இவ்வளவு எளிதாக ஒரு படை வழிவிடுமா, இந்த மக்கள் எப்போது கூடிப் பேசினார்கள், யார் யாரை நம்பினார்கள், அந்த ஓராண்டில் அவர்கள் செய்தது என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். கலகத்தைப் பற்றிய படத்தில் கலகம் செய்கிறவர்களுக்குப் பெயர்கூட இல்லையே என்று தோன்றியது. அந்தக் குறை இப்போதும் முழுதாகத் தீரவில்லை. ஆனால் அண்மையில் பார்த்தபோது, இத்தனை முறையும் நான் சரியாகக் கவனிக்காத ஒன்று கண்ணில் பட்டது. படம் நெடுகிலும் இடையிடையே சில இடங்கள் வந்துபோகின்றன: சோபாவில் நெருக்கியடித்து உட்கார்ந்து தொலைக்காட்சி பார்க்கும் ஒரு குடும்பம், மதுக்கடையில் கோப்பையோடு அண்ணாந்து பார்க்கும் சிலர், முதியோர் இல்லத்தில் சில கிழவர்கள். அரசு சொல்லும் பொய்யை முதலில் நம்புகிறார்கள். பிறகு நெற்றியைச் சுருக்குகிறார்கள். பிறகு வாய்விட்டே திட்டுகிறார்கள். மூக்குக் கண்ணாடி போட்ட அந்தச் சிறுமியும் அந்த சோபாவில் இருந்தவள்தான். கடைசி நவம்பர் 5 இரவில் சட்லரின் எச்சரிக்கை உரை ஒளிபரப்பாகும்போது கேமரா மறுபடியும் அந்த இடங்களுக்குப் போகிறது. தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கிறது, ஆட்சித் தலைவர் முழங்கிக்கொண்டிருக்கிறார். சோபாவில் யாரும் இல்லை.